நானோ ஆய்வகக் கட்டட வடிவமைப்பு: உப்புக் கடற்கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

நானோ ஆய்வகக் கட்டடம் என்பது, ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோமீட்டர் அளவில் பொருள்களைக் காணவும் அளக்கவும் உருவாக்கவும் உதவும் கருவிகளுக்காகக் கட்டப்படும் ஆய்வகம் ஆகும். வெயிலையும் மழையையும் தடுத்தால் பெரும்பாலான கட்டடங்களின் வேலை முடிந்துவிடும். இக்கட்டடம் அவற்றுடன் நில அதிர்வு, ஒலி, காந்தப்புலம், வெப்பநிலை மாற்றம், ஈரப்பதம், தூசு ஆகியவற்றையும் தடுக்க வேண்டும். இதனால் கட்டடமே கருவியின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2007-ஆம் ஆண்டு நானோ மிஷன் திட்டத்தை ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. பல பல்கலைக்கழகங்களில் நானோ அறிவியல் மையங்கள் உருவாயின. கருவிகளைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அவை நிற்கும் தரையைப் பற்றித் தமிழில் பேசப்படவில்லை. பெரிய முதலியார்சாவடி முதல் மரக்காணம் வரையிலான கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய கட்டடம் எவ்வாறு திட்டமிடப்பட வேண்டும், புகழ்பெற்ற முன்மாதிரிகளில் எவை இங்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடம்

பெரிய முதலியார்சாவடி, விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர். ஆரோவில்லுக்குச் செல்லும் சாலை இங்கிருந்து மேற்கே பிரிகிறது. சாலைக்குக் கிழக்கே மணற்பாங்கான கடற்கரையும் மீனவர் குடியிருப்புகளும் உள்ளன. மேற்கே நிலம் மெல்ல உயர்ந்து ஆரோவில்லின் செம்மண் மேட்டை அடைகிறது. வடக்கே பொம்மையார்பாளையத்தைக் கடந்தால் காலாப்பட்டில் 1985-இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கு நானோ அறிவியல், தொழில்நுட்ப மையம் ஒன்று இயங்குகிறது. இன்னும் வடக்கே கழுவெளி ஏரியும் மரக்காணம் உப்பளங்களும் உள்ளன.

உயர்கல்விக்கும் நானோ ஆய்வுக்கும் இக்கரை புதிதன்று. ஆனால் சில கிலோமீட்டர் அகலத்துக்குள் அலை, மணல், செம்மண், நெடுஞ்சாலை, உப்புக் காற்று ஆகிய ஐந்தும் சேர்ந்திருப்பதால், நானோ ஆய்வகத்துக்குக் கடினமான ஓர் இடம் எப்படியிருக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எவ்வளவு அமைதி தேவை?

கட்டடத் தரையின் அதிர்வைக் குறிக்க, 1980-களில் எரிக் அங்கர், கொலின் கார்டன் ஆகியோர் உருவாக்கிய விசி வரைகோடுகள் உலகெங்கும் பயன்படுகின்றன. இவை தரை அசையும் வேகத்தைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. வீட்டுக்கு நொடிக்கு 200 மைக்ரோமீட்டர், அறுவை அரங்குக்கு 100, சாதாரண நுண்ணோக்கிகளுக்கு ஏற்ற விசி-ஏ தரத்துக்கு 50, மிக நுட்பமான கருவிகளுக்குரிய விசி-இ தரத்துக்குச் சுமார் 3 மைக்ரோமீட்டர் என்பவை மேல்வரம்புகள்.

நொடிக்குப் பத்து முறை அதிரும் ஒரு தரை விசி-இ வரம்பில் இருந்தால், அது ஏறத்தாழ 50 நானோமீட்டர் அசைகிறது. அதே வேகத்தில் அதிரும் வீட்டுத் தரை வீட்டுக்குரிய வரம்பிலேயே இருந்தாலும் 3,000 நானோமீட்டருக்கு மேல் அசையும். அணுக்களைத் தனித்தனியே காட்ட வேண்டிய கருவிக்கு 50 நானோமீட்டரும் அதிகம்தான். எஞ்சியதைக் கருவியின் அடியிலுள்ள காற்றுத் தாங்கிகள் குறைக்கின்றன. கட்டடம் தன் பங்கைச் செய்யாவிட்டால் தாங்கிகளால் மட்டும் ஈடுசெய்ய இயலாது.

வெப்பநிலையும் இதே கதைதான். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 0.1 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை மாற்றத்தில் சுமார் 120 நானோமீட்டர் நீளும். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்தாலே அறையின் வெப்பநிலை இதைவிட அதிகமாக மாறக்கூடும்.

மின்னணு நுண்ணோக்கிகளுக்குக் காந்தப்புலம் மற்றொரு பகை. மாறுதிசைப் புலம் 0.1 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. சில கருவிகளுக்கு அதனினும் குறைவு. சமநிலையற்ற மின்கம்பி ஒன்றில் 10 ஆம்பியர் ஓடினால், 10 மீட்டர் தொலைவிலும் 0.2 மைக்ரோடெஸ்லா புலம் உண்டாகும். மின்மாற்றியை எங்கே வைப்பது, மின்தூக்கியை எங்கே அமைப்பது என்ற கேள்விகள் ஆய்வின் தரத்தைத் தீர்மானிப்பவை என்பதை இந்த ஒரு கணக்கே காட்டுகிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்களின் உழைப்பு உள்ளது. கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகியோரின் குழு 1981 மார்ச் மாதத்தில் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியின் முதல் வெற்றியை ஓர் இரவில்தான் கண்டது. பகலில் கட்டடம் ஓய்வதில்லை. அந்த நுண்ணோக்கிக்காக இருவருக்கும் 1986-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கட்டடம் சரியில்லாத இடங்களில் ஆய்வு மாணவர்கள் இன்றும் நள்ளிரவுக்குப் பின் படமெடுக்கக் காத்திருக்கின்றனர். தரை அதிர்வால் மங்கிய ஒரு படம் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு வாரத்தை விழுங்கக்கூடும்.

முன்மாதிரிக் கட்டடங்கள்

சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிக்கோனில் ஐபிஎம் நிறுவனமும் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 2011-இல் திறந்த பின்னிக்–ரோரர் நானோ தொழில்நுட்ப மையம் இத்துறையில் அடிக்கடி சுட்டப்படும் கட்டடம். இதன் நிலத்தடியில் இரைச்சலற்ற ஆய்வகங்கள் ஆறு உள்ளன. ஒவ்வொன்றிலும் கருவி நிற்கும் கனமான கான்கிரீட் பாளம் அறையின் தரையிலிருந்து பிரிக்கப்பட்டுக் காற்றுத் தாங்கிகளின்மேல் நிற்கிறது. சுவர்களில் நிக்கல்–இரும்புக் கலவைத் தகடுகளும், எஞ்சிய காந்தப்புலத்தை எதிர்த்து நீக்கும் கம்பிச் சுருள்களும் உள்ளன. ஆய்வாளர் கருவியோடு அமர்வதில்லை. அடுத்த அறையிலிருந்து இயக்குகிறார். மனித உடலின் சூடும் காலடியும்கூடத் தொந்தரவு என்று எண்ணிப் பார்த்த வடிவமைப்பு இது.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் கெய்தர்ஸ்பர்கில் 2004-இல் திறந்த உயர்நிலை அளவியல் ஆய்வகத்தின் ஐந்து பகுதிகளில் இரண்டு நிலத்துக்கு அடியில் உள்ளன. ஆழத்து மண் வெப்பநிலையை நிலையாக வைத்திருக்க உதவுகிறது. மேற்பரப்பின் அதிர்வும் ஆழத்தில் குறைகிறது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் திறந்த எம்ஐடி.நானோ வேறு வழியில் சென்றது. ஒதுக்குப்புறத்தைத் தேடாமல், பல துறையினரும் எளிதில் வந்து சேரும் வகையில் அது வளாகத்தின் நடுவிலேயே கட்டப்பட்டது. நுண்ணோக்கிகள் அடித்தளத்தில் தடித்த கான்கிரீட்டின்மேல் வைக்கப்பட்டன. இடத்தின் இரைச்சலைக் கட்டுமானச் செலவால் ஈடுசெய்த முடிவு அது.

இந்தியாவில் குறிப்பிடத்தக்கது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல், பொறியியல் மையம். இதன் தேசிய நானோ உருவாக்க மையத்தில் 14,000 சதுர அடித் தூய அறை உள்ளது. இந்தக் கட்டடத்தின் சிறப்பு அதன் பரப்பைவிடப் பயன்பாட்டில் உள்ளது. பிற கல்லூரிகள், பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் இங்கு வந்து பயிலவும் கருவிகளைப் பயன்படுத்தவும் திட்டங்கள் உள்ளன. ஒரே கருவியை ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்கித் தரமற்ற அறையில் வைப்பதற்கு இது மாற்று.

இந்நான்கும் ஒரு பொதுப் பாடத்தைத் தருகின்றன. முதலில் தேவை எண்ணாக எழுதப்பட்டது. பிறகு இடம் அளக்கப்பட்டது. அதன்பிறகே வரைபடம் வந்தது. ஆனால் இவற்றின் தீர்வுகளை இக்கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இக்கரையில் எழும் சிக்கல்கள்

முதலாவது, நிலத்தடி. சூரிச்சைப் போலவே இங்கும் பள்ளம் தோண்டி அடித்தளம் அமைக்கலாம் என்பது முதலில் தோன்றும் எண்ணம். கடற்கரை மணலில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கிறது. ஆழமான அடித்தளம் நீரில் அமிழ்ந்த தொட்டியாகிவிடும். நீரை வெளியேற்றும் மோட்டார்கள் இரவும் பகலும் ஓடும். எந்த அதிர்வைத் தவிர்க்கப் பள்ளம் தோண்டப்பட்டதோ அதே அதிர்வை அவை உண்டாக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையின் மீனவ ஊர்களைத் தாக்கியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய கரையில் பல கோடி மதிப்புள்ள நுண்ணோக்கியை நிலத்தடியில் வைப்பது துணிச்சலன்று, அசட்டை. சாலைக்கு மேற்கே செம்மண் மேட்டில், நிலமட்டத்தில், இறுகிய மண்ணின்மேல் நேரடியாக அமையும் தடித்த தரையே இங்குப் பொருத்தமானது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

இரண்டாவது, அலை. கடலலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் கடலடியில் எழும் அழுத்தம் நிலத்தில் நுண்ணதிர்வாகப் பரவுகிறது. இது பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நொடிக்கு ஒரு முறை நிகழும் மெதுவான அசைவு. காற்றுத் தாங்கிகள் நொடிக்கு ஓரிரு முறைக்கு மேற்பட்ட அதிர்வுகளையே குறைக்கும். இந்த மெதுவான அசைவைத் தடுக்காமல் விட்டுவிடும். வழக்கமான விசி அளவீடும் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணைக் கணக்கில் கொள்வதில்லை. எனவே இக்கரையில் விசி-இ கிடைத்துவிட்டது என்ற சான்றிதழ் மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கடல் கொந்தளிக்கும் நாள்களிலும் அளந்து பார்க்க வேண்டும். மே மாதத்தில் ஒரு நாள் அளந்த அறிக்கை நவம்பரைப் பற்றி எதையும் சொல்லாது.

மூன்றாவது, சாலை. பேருந்தும் லாரியும் மண்ணில் எழுப்பும் அதிர்வு பெரும்பாலும் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை என்ற எல்லைக்கு அருகில் அமைகிறது. கட்டடத் தளங்களும் பெரும்பாலும் இதே எல்லையில் ஒத்திசைந்து அதிரும் என்பதால் இது மிகவும் தொல்லை தருவது. மேல்மாடியில் நுண்ணோக்கி வைப்பதில் உள்ள தவறும் இதுவே. மாமல்லபுரம்–புதுச்சேரி இடையே சாலையை நான்கு வழியாக்கும் பணி நடைபெறுகிறது. இன்றைய போக்குவரத்தை மட்டும் அளந்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால், கட்டடம் திறக்கப்படும் நாளிலேயே அந்த அளவீடு பழையதாகிவிடும். ஊர் தன் வேலையை நிறுத்தாது. நிறுத்த வேண்டும் என்று கேட்கவும் ஆய்வகத்துக்கு உரிமையில்லை. திருவிழா ஒலிபெருக்கியும் மீன் ஏற்றும் வண்டியும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொலைவையும் சுவரின் தடிமனையும் முடிவுசெய்ய வேண்டும்.

நான்காவது, உப்பு. மரக்காணத்தில் பாத்திகளில் விளையும் அதே உப்பு, கடற்காற்றில் நுண்துகளாக எங்கும் மிதக்கிறது. 1960-களின் நடுப்பகுதியில் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் எட்வர்ட் ஸ்னோ, ஆன்ட்ரூ குரோவ், புரூஸ் டீல், சி.டி. சா ஆகியோர், டிரான்சிஸ்டர்களின் பண்புகள் நிலையின்றி மாறுவதற்கு ஆக்சைடு படலத்துள் நகரும் சோடியம் அயனிகள் காரணம் என்று காட்டினர். வியர்வை பட்ட ஒரு விரல் தடம்கூடத் தீங்கு செய்யும் துறையில், காற்றே உப்பாக இருக்கும் இடம் எளிதானதன்று.

சோடியம் குளோரைடு சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்கரை இரவுகளில் இந்த அளவு எளிதில் கடக்கப்படுகிறது. கரைந்த உப்பு வடிகட்டியின் இழைகளில் ஊறி மறுபுறம் வெளிவர இடமுண்டு. எனவே காற்றை நுண்வடிகட்டிக்கு அனுப்பும் முன்பே உலர்த்த வேண்டும். உள்நாட்டுத் தூய அறைகளின் வரைபடத்தில் இந்த வரிசை வற்புறுத்தப்படாமல் இருக்கலாம். இங்கு அது கட்டாயம்.

அதே உப்பு கான்கிரீட்டுக்குள் சென்று கம்பியையும் அரிக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, கடற்கரைச் சூழலுக்கு எம்30 தரக் கான்கிரீட்டையும் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் மூடலையும் குறைந்த அளவாக வைக்கிறது. கடல்நீர்த் துளி தெறிக்கும் இடத்துக்கு எம்35, 50 மில்லிமீட்டர். நுண்ணோக்கி அறையின் தரையில் இரும்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியிழைக் கம்பியைப் பயன்படுத்தினால், துருவும் இல்லை, காந்தத் தொல்லையும் இல்லை. உப்புக்காகத் தேடும் தீர்வே நுண்ணோக்கிக்கும் உதவும் அரிதான இடம் இது.

உள்ளூர்க் கட்டட மரபு

புதுச்சேரிப் பகுதிக்கு உயர்ந்த கட்டட மரபு ஒன்று உண்டு. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, பிரான்டிசெக் சாமெர், ஜார்ஜ் நகாஷிமா ஆகியோரின் உழைப்பில் 1930-களின் இறுதியில் தொடங்கி எழுந்த கோல்கொண்டே விடுதி, இந்தியாவின் தொடக்ககால நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. திருப்பக்கூடிய பலகைகள், இரட்டைக் கூரை, காற்றோட்டமான நீண்ட தாழ்வாரங்கள் ஆகியவற்றால் அது குளிரூட்டி இன்றியே வெப்பத்தைச் சமாளிக்கிறது. 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் அழுத்திய மண்கல் கட்டுமானம் வளர்ந்தது.

இம்மரபின் அடிப்படை காற்றை உள்ளே அழைப்பது. நானோ ஆய்வகத்தின் அடிப்படை காற்றைத் தடுப்பது. இதனால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று முடிவுசெய்துவிடுவது வழக்கம். அது அவசர முடிவு. தூய அறைகளில் காற்று மணிக்குப் பல முறை, உயர்தர அறைகளில் சில நூறு முறை, மாற்றப்படுகிறது. அதைக் குளிர்வித்து உலர்த்துவதற்கே பெரும்பகுதி மின்சாரம் செலவாகிறது. வெளிச்சுவரில் நேரடி வெயில் படாமல் நிழல் அமைத்து, இரட்டைக் கூரை போட்டு, தாழ்வாரத்தால் உள்ளறையைச் சூழ்ந்தால் அந்தச் சுமை குறையும். உள்ளறையின் வெப்பநிலையும் நிலையாக இருக்கும். அலுவலகம், வகுப்பறை, மாணவர் அமரும் இடம் ஆகியவை வெளிவட்டத்தில் இயற்கைக் காற்றோடும், நுண்ணோக்கிகள் உள்வட்டத்தில் மூடிய அறைகளிலும் அமையலாம். கோல்கொண்டே கற்பிப்பது இந்த வெளிவட்டத்தைப் பற்றியது.

குளிரூட்டலுக்கு நீரும் தேவை. ஆழ்துளைக் கிணற்று நீரை அளவின்றி இறைத்தால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகும். அதன் விளைவைச் சுமப்பவர்கள் ஆய்வகத்தார் அல்லர், அருகிலுள்ள ஊரார். மழைநீர்ச் சேமிப்பும் கழிவுநீர் மறுசுழற்சியும் இங்கு அலங்காரச் சேர்க்கைகளாக இருக்க முடியாது.

திட்டமிடும் முறையில் உள்ள குறை

பொதுப்பணத்தில் எழும் ஆய்வகங்களில் பொதுவான வேலை வரிசை ஒன்று உண்டு: நிதி வருகிறது, கட்டடம் தனியாகவும் கருவி தனியாகவும் ஒப்பந்தம் செய்யப்படுகின்றன, கருவி வந்திறங்கிய பிறகு அதை நிறுவ வருபவர் அறையை அளக்கிறார். அறை தேறாவிட்டால் கூடுதல் தாங்கி, கூடுதல் திரை, கூடுதல் குளிரூட்டி என்று செலவு ஏறுகிறது. பல வேளைகளில் கருவியின் முழுத் திறனும் கைவிடப்படுகிறது. பெயர்ப்பலகையில் உள்ள நுண்மைக்கும் மாணவருக்குக் கிடைக்கும் படத்துக்கும் இடையிலான இடைவெளி எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு குறை உண்டு. கட்டடம் முழுவதையும் விசி-இ தரத்தில் கட்ட வேண்டும் என்று கேட்பது. வேதியியல் மேசைக்கும் கணினி அறைக்கும் அந்த அமைதி தேவையில்லை. எந்த அறைக்கு எவ்வளவு அமைதி என்று தரம் பிரிக்காத திட்டம் பணத்தை எல்லா இடத்திலும் கொஞ்சமாகத் தூவி, எந்த இடத்திலும் போதுமான அமைதியைத் தராமல் முடிகிறது. இரண்டு அல்லது மூன்று மிக அமைதியான அறைகளை மட்டும் அமைத்து, அவற்றைப் பல துறைகளும் பிற கல்லூரிகளும் பகிர்ந்துகொள்வது சிறந்தது. மோட்டார், குளிர்விப்பான், மின்மாற்றி ஆகியவற்றைத் தனிக் கட்டடத்தில், இணையாத அடித்தளத்தின்மேல் வைக்க வேண்டும்.

பராமரிப்பும் வடிவமைப்பின் பகுதியே. கடற்கரையில் வெளிப்புறக் குளிரூட்டிச் சுருள்கள் விரைவில் அரிபடும். தேய்ந்த மின்விசிறித் தாங்கி ஒன்று மாதக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தால், தடித்த தரைக்குச் செலவிட்ட பணம் வீண். ஆண்டுதோறும் தரை அதிர்வையும் காந்தப்புலத்தையும் அளந்து முடிவைப் பயனர்களுக்கு வெளியிடும் வழக்கம் ஏற்பட்டால், குறை தொடக்கத்திலேயே தெரியும்.

மதிப்பீடு

சூரிச், கெய்தர்ஸ்பர்க், பெங்களூரு ஆகிய இடங்களின் கட்டடங்கள் போற்றத்தக்கவை. அவற்றின் வெற்றி, அவை தத்தம் நிலத்துக்குக் கொடுத்த விடையில் உள்ளது. நீர் மேலே நிற்கும் கடற்கரையில் நிலத்தடி அறையைப் படியெடுப்பவர், அவ்விடையை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிடுகிறார்.

பெரிய முதலியார்சாவடிக் கரையில் இத்தகைய கட்டடம் அமைப்பது இயலாததன்று. சாலைக்கும் அலைக்கும் விலகிய செம்மண் மேடு, நிலமட்டத் தரை, உலர்த்தி வடிகட்டிய காற்று, துருப்பிடிக்காத கம்பி, நிழல் சூழ்ந்த வெளிச்சுவர், பகிர்ந்துகொள்ளும் சில அமைதி அறைகள் ஆகியவை அதற்குப் போதுமானவை. இவற்றுள் எதுவும் அரிய தொழில்நுட்பமன்று. பருவமழைக் காலம் ஒன்று முழுவதும் நிலத்தை அளந்த பிறகே வரைபடம் தொடங்க வேண்டும் என்ற பொறுமையே இங்கு அரிது. அந்த ஓராண்டைச் செலவிடத் தயங்கினால், அதன் கணக்கைப் பல தலைமுறை ஆய்வு மாணவர்கள் இரவு விழித்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.